நோ டிஸ்க்: ஒரு மலிவு டிவிடி பிளேயருக்குத் தாமதமாக எழுதிய விமர்சனம்

தமிழ்ப் படங்களைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறேன். அந்தப் படங்களில் பாதிக்கு மேல் எனக்குக் காட்டியது ஒரு 1,650 ரூபாய்ப் பெட்டி. அதைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதினதில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுப் புத்தகம் படிக்கிறவன் கண்ணாடியைப் பற்றி யோசிக்காத மாதிரிதான் இதுவும்.

இப்போது எழுதக் காரணம் அக்கா. இரண்டு மாதம் முன்னால் கோவில்பட்டியிலிருந்து போன் பண்ணினாள். "தம்பி, என் கல்யாண டிஸ்க்க ஒருவாட்டி என்னன்னு பாரேன்டா. லேப்டாப்ல போட்டா கர்ருகர்ருன்னு சுத்துது, படம் வரல. பாப்பாவுக்கு ஆச்சி குரலே தெரியாது."

அம்மா 2012-ல் போய்விட்டாள். பாப்பா பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். அம்மா பேசுகிற மாதிரி எங்களிடம் இருக்கும் ஒரே பதிவு அந்தக் கல்யாண டிவிடிதான். போட்டோ நிறைய இருக்கிறது. குரலைப் பதிந்து வைக்கணும்னு ஒருத்தருக்கும் தோணவில்லை. ஊருக்குப் போனேன். பரணில் கிடந்த பழைய பிளேயரை இறக்கினேன். அதைத் துடைத்து, பழுதுபார்த்து, அந்த டிஸ்கோடு மல்லுக்கட்டின நாலு நாளில் எடுத்த குறிப்புகள்தான் இவை.

வாங்கின கதை

2007-ல் சென்னையில் எனக்கு முதல் வேலை. ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடை. அலமாரியில் பெரிய கம்பெனிப் பெட்டிகள் மேலே, பேர் தெரியாத பெட்டிகள் கீழே. நான் கீழே பார்ப்பதைக் கடைக்காரர் கவனித்துவிட்டார். மேஜையில் தேய்ந்து தேய்ந்து கீறல் விழுந்த ஒரு டிஸ்கை எடுத்து, முதலில் மேல் அலமாரிப் பெட்டியில் போட்டார். கொஞ்ச நேரம் முக்கிவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டியது. அதையே கீழ் அலமாரிப் பெட்டியில் போட்டார். கட்டம் கட்டமாக உடைந்தாலும் பாட்டு ஓடியது. "இது எதையும் தின்னும் சார்" என்றார்.

அதை வெறும் விற்பனைத் தந்திரம் என்று அப்போது நினைத்தேன். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருப்பது பிறகுதான் தெரிந்தது. 1993-ல் வந்த விசிடி அமெரிக்காவில் எடுபடவில்லை. சீனாவிலும் தென்கிழக்காசியாவிலும் நம் ஊரிலும் பரவியது. அந்தச் சந்தைகளில் ஓடிய டிஸ்குகளில் பெரும்பகுதி மோசமான அச்சு, கைமாறிக் கைமாறிக் கீறல் விழுந்தவை. அதனால் சீனப் பிளேயர் விளம்பரங்களில் 'பிழை திருத்தும் சக்தி' ஒரு பெரிய வாசகமாகவே இருந்தது. நல்ல டிஸ்கை நன்றாகக் காட்டுவதைவிட, கெட்ட டிஸ்கை எப்படியாவது ஓட்டுவதுதான் அங்கே போட்டி. என் பெட்டி அந்த வம்சம்.

நெல்லை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அரசு கொடுத்த 14 இஞ்ச் இலவசக் கலர் டிவி வீட்டில் இருந்தது. அதன் பின்பக்கத்தில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களைச் செருகினேன். எங்கள் வீட்டுக்கு சினிமா வந்த நாள் அது.

மூடியைத் திறந்தால்

இந்த முறை பழுதுபார்க்க மூடியைக் கழற்றினபோது முதலில் கண்ணில் பட்டது காலி இடம். பெட்டியின் பாதி வெறும் காற்று. ஒரு ஓரத்தில் மின்சாரத்துக்கான சின்னப் பலகை, நடுவில் டிஸ்கைச் சுழற்றும் தட்டும் லேசர் கண்ணும், பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பலகை. அதில் ஒரே ஒரு பெரிய சிப். படத்தை விரிப்பது, ஒலியைப் பிரிப்பது, மோட்டாரை ஓட்டுவது, ரிமோட்டுக்குப் பதில் சொல்வது எல்லாம் அதுவே. தைவானின் மீடியாடெக் மாதிரியான கம்பெனிகள் இப்படி எல்லாவற்றையும் ஒரே சிப்பில் அடக்கி விற்றதால்தான், பேர் தெரியாத ஒரு பட்டறைகூட பிளேயர் செய்ய முடிந்தது.

சிப் மலிவானதும் விலையில் பெரிய பங்கு காப்புரிமைக் கட்டணம் என்றாகிவிட்டது. டிவிடி ஒரே ஆளின் கண்டுபிடிப்பு இல்லை. பிலிப்ஸ், சோனி, பயனியர் ஒரு கூட்டணி. தோஷிபா, ஹிட்டாச்சி, மாட்சுஷிடா, மிட்சுபிஷி, ஜேவிசி, டைம் வார்னர் என்று ஆறு பேர் இன்னொரு கூட்டணி. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பக்கமும் டாலரில் கட்ட வேண்டும். சீனத் தயாரிப்பாளர்களுக்கும் இவர்களுக்கும் இதில் பெரிய சண்டையே நடந்தது. என் பெட்டியைச் செய்தவர் கட்டினாரா என்று கேட்காதீர்கள். பெட்டியில் அவர் பேரே இல்லை.

படம் எப்படி இருந்தது?

விமர்சனம் என்று தலைப்பு வைத்துவிட்டுக் கதை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. பெட்டியைத் தராசில் போடுவோம்.

முதல் நாளே ஒரு கோளாறு. பாட்டு கேட்கிறது, சண்டைச் சத்தம் கேட்கிறது, வசனம் மட்டும் இல்லை. எல்லாரும் வாயை வாயை அசைக்கிறார்கள். டிஸ்க் திருட்டு டிஸ்க் என்று அப்பா திட்டினார். உண்மையில் குற்றம் பெட்டியுடையது. டிவிடியின் 5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். பெட்டி ஆறு ஸ்பீக்கர் இருப்பதாக நினைத்துக்கொண்டு வசனத்தை நடுவுக்கு அனுப்பியிருக்கிறது; நாங்கள் செருகியதோ இடதும் வலதும் மட்டும். செட்டப்புக்குள் போய் 'டவுன்மிக்ஸ்' என்ற இடத்தில் ஸ்டீரியோ என்று மாற்றினால் வசனம் வந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஸ்பீக்கர் டிவியில்தான் செருகப் போகிறார்கள். இருந்தும் ஆறு ஸ்பீக்கரை இயல்பாக வைத்து அனுப்பினது சோம்பேறித்தனம்தான்.

அடுத்தது முகம். நாங்கள் பார்த்த சில படங்களில் எல்லாரும் ஒல்லியாக, முகம் நீண்டு தெரிந்தார்கள். அகலத் திரைப் படத்தைப் பக்கவாட்டில் நசுக்கி டிஸ்கில் பதிவார்கள். பிளேயரோ டிவியோ அதை மறுபடி சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பெட்டியில் 16:9 என்று வைத்துவிட்டு 4:3 டிவியில் பார்த்தால் நசுக்கினது நசுக்கினபடியே வரும். சரிசெய்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். 1973-ல் 'ராஜராஜ சோழன்' வந்ததிலிருந்து தமிழில் சினிமாஸ்கோப் உண்டு. 14 இஞ்ச் டிவியின் உயரம் சுமார் 21 செ.மீ.; அதில் ஒரு ஸ்கோப் படம் 12 செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும். "பாதி டிவி வேஸ்ட்டா போகுது" என்று பட்டையைப் பார்த்து அப்பாவுக்குக் கடுப்பு. பக்கத்து வீட்டில் நீள முகத்தோடேயே கடைசிவரை பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, அந்த மஞ்சள் ஒயர். வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் சேர்ந்து போகின்றன. டிவி அவற்றைத் திரும்பப் பிரிக்க வேண்டும். பொடிக் கட்டம், நெருக்கமான கோடு வந்தால் அதற்குக் குழப்பம் வந்துவிடும். கட்டம் போட்ட பட்டுச்சேலையில் வானவில் நெளியும். கோட்டுச் சட்டை மினுமினுக்கும். பெட்டியில் மூன்று கம்பியில் பிரித்து அனுப்பும் வசதியும் இருந்தது. எங்கள் டிவியில் அதை வாங்கத் துளை இல்லை.

நான்காவது பெட்டியின் குற்றம் இல்லை, டிஸ்கின் குற்றம். 'ஒரே டிவிடியில் மூணு படம்' ஞாபகம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் அதில் வைத்தால், வினாடிக்கு 4 மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். மூன்று படம் திணித்தால் வினாடிக்கு 1.4 மெகாபிட். விசிடியில் படமும் ஒலியும் சேர்ந்து கிட்டத்தட்ட இதே அளவுதான்! அட்டையில் டிவிடி, கொடுத்த காசுக்கு மூணு படம், கண்ணுக்குக் கிடைத்தது விசிடி. மழைக் காட்சி, கூட்டம், புகை எதுவானாலும் கட்டம் கட்டமாகச் சிதறும்.

ஐந்தாவதை நான் வருஷக்கணக்கில் கவனிக்கவே இல்லை. சினிமா வினாடிக்கு 24 சட்டம். நம் டிவியின் பால் முறை வினாடிக்கு 25. இதைச் சமாளிக்கச் சுலப வழி படத்தைச் சற்று வேகமாக ஓட்டுவது. 150 நிமிஷப் படம் 144 நிமிஷத்தில் முடிந்துவிடும். கூடவே ஒலியும் வேகமாகும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டு கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். இப்படி மாற்றின டிஸ்கில் ஒரு பாட்டைக் கேட்டுப் பழகிவிட்டு, பிறகு ஒலிநாடாவில் கேட்டால் பாடகர் சோர்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். சோர்வெல்லாம் இல்லை. அதுதான் அவர் பாடினது.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 1980-களில் வந்த ஒரு படத்தின் ஒளிப்பதிவு 'தட்டையாக, மங்கலாக' இருக்கிறது என்று ஒருமுறை எழுதினேன். பல வருஷம் கழித்து நல்ல பிரதி ஒன்றில் அதே படத்தைப் பார்த்தேன். நான் மங்கல் என்று சொன்ன இருட்டுக் காட்சிகளில் மண்சுவரின் சொரசொரப்பும், விளக்கொளி படும் பக்கமும் படாத பக்கமும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் விமர்சித்தது ஒளிப்பதிவாளரை இல்லை. மூணு பட டிஸ்கையும் மஞ்சள் ஒயரையும்தான். அந்தக் காலத்தில் டிஸ்கில் பார்த்துவிட்டு எழுதின என்னைப் போன்றவர்களின் குறிப்புகளைப் படிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே படத்தரத்தில் பெட்டி தோல்வி. தயங்காமல் சொல்கிறேன்.

அம்மாவின் கையில் ரிமோட்

ஆனால் தரம் மட்டுமே அளவுகோல் என்றால் அம்மா சினிமாவே பார்த்திருக்க முடியாது.

எங்கள் சின்ன வயதில் விசேஷம் என்றால் 'டெக்' வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு ராத்திரி வாடகைக்கு மூன்று நாலு படம். விடிவதற்குள் பார்த்து முடிக்கணும். தியேட்டர் என்றால் மூணு மணி நேரம் வீட்டைவிட்டுப் போகணும். டிவியில் படம் என்றால் அது போடுகிற நேரத்துக்கு அடுப்பை அணைக்கணும். மூன்றும் அம்மாவுக்கு ஒத்துவராது. டெக் போட்ட ராத்திரிகளில் அவள் பார்த்ததெல்லாம் காபி கொடுக்க வந்தபோது திரையில் ஓடினது மட்டும்.

இந்தப் பெட்டியில் அவள் முதலில் கற்றுக்கொண்டது நிறுத்தும் பட்டன். குக்கர் விசில் அடித்தால் நிறுத்துவாள். பால்காரர் வந்தால் நிறுத்துவாள். ஒரு படத்தை மூன்று நாள் வைத்துப் பார்ப்பாள், தொடர்கதை படிக்கிற மாதிரி. 2008-க்கு அப்புறம் மின்வெட்டு கடுமையானபோது இதிலும் சிக்கல். கரண்ட் போனால் பெட்டிக்கு எல்லாம் மறந்துவிடும், முதலிலிருந்து தொடங்கும். அம்மா அதற்கும் வழி வைத்திருந்தாள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் நேரத்தைக் குறித்து, டிஸ்க் உறைக்குள் செருகி வைப்பாள். ரிமோட்டில் 'கோ டூ' பட்டனை அழுத்தி அந்த நேரத்தை எண்ணில் போட்டால் படம் அங்கே குதிக்கும். எனக்கே அந்தப் பட்டனைச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

ஒளிப்பதிவைப் பற்றி அம்மா பேசினதில்லை. "இந்தப் புள்ள எதுக்கு இப்படி முடிவெடுத்தான்னு ரெண்டாவது தடவ பாத்தாத்தான் புரியுது" என்று ஒருமுறை சொன்னாள். இரண்டாவது தடவை பார்க்கிற வசதி அதுவரை அவளுக்குக் கிடைத்ததில்லை. ஒரு படத்தைத் திரும்பப் பார்த்து மனதை மாற்றிக்கொள்வதுதான் விமர்சனத்தின் அடிப்படை என்றால், எங்கள் வீட்டில் அதை முதலில் செய்தவள் அவள்.

அடங்காத பெட்டி

டிவிடியை வடிவமைத்தவர்கள் உலகத்தைத் துண்டு போட்டார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1. ஐரோப்பாவும் ஜப்பானும் 2. தென்கிழக்காசியா 3. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் 4. இந்தியா, ரஷ்யா 5. சீனா 6. ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பெட்டியில் ஓடக் கூடாது. ஹாலிவுட் ஒரு ஊரில் படத்தை முன்னாலும் ஒரு ஊரில் பின்னாலும் வெளியிடுவதற்கு வசதியான ஏற்பாடு.

இந்த வரைபடத்தில் தமிழர்களைக் குறித்துப் பாருங்கள். டொராண்டோ 1, லண்டன் 2, சிங்கப்பூர் 3, சிட்னி 4, சென்னை 5. ஒரே குடும்பத்துக்காரர்கள் ஐந்து மண்டலத்தில்! இந்த ஏற்பாட்டை மதித்திருந்தால் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரும் டிஸ்க் ஊரில் ஓடாது. லண்டனிலிருந்து தமிழ்ப் பட டிவிடி விற்ற ஐங்கரன் மாதிரி நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். கீழ் அலமாரிப் பெட்டிகளோ மண்டலத்தைக் கண்டுகொள்ளாமலேயே வந்தன. இல்லாவிட்டால் ரிமோட்டில் ஏதோ நாலு எண்ணை அழுத்தினால் திறந்துகொள்ளும். காசு கூடக் கொடுத்து வாங்கினவர் ஒழுங்கான பெட்டியை வைத்துக்கொண்டு முழிப்பார். என் பெட்டி சித்தப்பா டிஸ்கை ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.

இதே குணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எதையும் தின்னும் பெட்டி திருட்டு டிஸ்கையும் தின்னும். படம் வெளியான வாரமே டிஸ்க் தெருவில் கிடைத்த காலம் அது. 1982-ம் வருஷத்துக் குண்டர் சட்டத்தில் 2004-ல் வீடியோ திருடர்களையும் சேர்த்தார்கள். ஒரு வருஷம் வரை தடுப்புக்காவலில் வைக்கலாம். அவ்வளவு கடுமையான சட்டத்தாலும் தெருவோர விற்பனை நிற்கவில்லை. கடன் வாங்கிப் படம் எடுத்தவர்களின் காசில்தான் நாங்கள் மலிவாகப் படம் பார்த்தோம். அதைப் பூசி மெழுகுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனாலும் ஒன்று. வெற்று டிஸ்க் தயாரிப்பில் பெரிய பெயர் பெற்ற மோசர் பேயர் 2007-ல் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. எங்கள் ஊர் மளிகைக் கடையில்கூடத் தொங்கியது. அம்மா வாங்கிச் சேர்த்தது பெரும்பாலும் அவைதான். சட்டபூர்வமாக, பில்லோடு, சொந்தமாக! முன்பே யாராவது இந்த விலைக்கு இறங்கியிருந்தால் அவள் மாதிரி ஆட்கள் முதலிலேயே அசலை வாங்கியிருப்பார்கள். அந்தக் கம்பெனியும் 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது.

கல்யாண டிஸ்க்

அக்கா கல்யாணம் 2008 தை மாசம். இரண்டு டிஸ்க். மேலே பொண்ணு மாப்பிள்ளை படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டி, வெல்வெட் பெட்டியில் வைத்து ஸ்டூடியோக்காரர் கொடுத்தார். இப்போது யோசித்தால் அந்த ஸ்டிக்கர்தான் முதல் எமன். காகிதமும் பசையும் வருஷக்கணக்கில் சுருங்கி விரிந்து டிஸ்கை மெல்ல வளைத்துவிடும். வேகமாகச் சுற்றும்போது ஆட்டம் கொடுக்கும்.

இரண்டாவது எமன் டிஸ்கின் உடம்பிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் படத்தின் டிஸ்கில் தகவல் பிளாஸ்டிக்கில் அச்சாகப் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும். ஸ்டூடியோவில் எழுதித் தருவதில் அப்படி இல்லை. ஒரு சாயப் பூச்சை லேசர் சுட்டு அடையாளம் போடுகிறது. வெயில், சூடு, ஈரப்பதம் எல்லாம் சாயத்தைத் தின்னும். வெல்வெட் பெட்டியை அக்கா ஜன்னலோர ஷோகேஸில் வைத்திருந்தாள். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான்.

லேப்டாப் ஏன் படிக்கவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் துல்லியமாக வேண்டும். டிவிடியில் தகவல் 32 கிலோபைட் துண்டுகளாக, ஒவ்வொன்றும் தன் பிழை திருத்தும் எண்களோடு இருக்கும். ஒரு துண்டு தேறவில்லை என்றால் கணினி திரும்பத் திரும்ப முயன்று கடைசியில் 'முடியாது' என்று மொத்தத்தையும் கைவிடும். என் பெட்டிக்கு அந்த நேர்மை கிடையாது. துண்டு தேறவில்லையா, விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. ஒரு துண்டு என்பது படத்தில் வினாடியில் இருபதில் ஒரு பங்குதான். அதைச் சார்ந்த சட்டங்களும் சேர்ந்து உடைவதால் அரை வினாடி சிதறும். பார்க்கிறவனுக்கு அது பரவாயில்லை. அதோடு இது நிதானமாகச் சுற்றும் பெட்டி. வளைந்த டிஸ்குக்கு அந்த நிதானமும் உதவும்.

முதல் நாள் பெட்டியே திறக்கவில்லை. தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் தொய்ந்திருந்தது. தெருமுனை டிவி மெக்கானிக் அண்ணன் வேறு பெல்ட் போட்டு, லேசர் கண்ணைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தார். டிஸ்கை சோப்புத் தண்ணீரில் அலசி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து மொத்தமாகப் போய்விடும். முதல் டிஸ்க் ஓடியது. இரண்டாவது பாதியில் நின்றது: 'நோ டிஸ்க்'.

முதல் டிஸ்கில் அம்மா நிறைய வருகிறாள். ஆனால் குரல் இல்லை. ஸ்டூடியோக்காரர் முக்கால்வாசி இடத்தில் இயல்பு ஒலியை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டுப் போட்டிருக்கிறார். அம்மா யாரையோ கூப்பிடுகிறாள், சிரிக்கிறாள், மாமாவிடம் என்னவோ கோபமாகச் சொல்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே டூயட். கல்யாண வீடியோக்களைப் பற்றி என் பெரிய புகார் இதுதான். ஊர் முழுக்க ஒரு தலைமுறையின் பேச்சை இப்படிப் பாட்டுப் போட்டு அழித்திருக்கிறோம்.

இரண்டாவது டிஸ்கின் உறைக்குள் ஒரு காலண்டர் தாள் இருந்தது. பின்பக்கம் பென்சிலில் '58.20'. அம்மா கையெழுத்து. ஏன் அங்கே நிறுத்தினாள் என்று சொல்ல ஆள் இல்லை, கரண்ட் போயிருக்கலாம். டிஸ்க் உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கப்படும். வளைவும் சிதைவும் வெளிவிளிம்பில் அதிகம். 40 நிமிஷத்தில் ஒரு மோசமான பட்டை இருந்தது. அதற்குள் மாட்டினால் பெட்டி மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் தொடக்கத்திலேயே 'கோ டூ' அழுத்தி 58.20 போட்டேன். பட்டையைத் தாண்டிக் குதித்தது.

மண்டபத்து வாசல். வீடியோக்காரர் மைக்கை நீட்டுகிறார். பாட்டு இல்லை, பந்திச் சத்தம் கேட்கிறது. "என்னத்தச் சொல்ல... எல்லாரும் சாப்ட்டாச்சா? சாப்பிடாம யாரும் போயிராதீங்க. ஏலே தம்பி, தாம்பூலப் பைய எங்க வச்ச?" பதினோரு வினாடி. நடுவில் இரண்டு இடத்தில் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. குரல் ஒரு இடத்தில் மட்டும் விட்டுப்போகிறது: 'போயிராதீங்க' என்பதில் நடு எழுத்து.

மேலே நான் திட்டின அதே மஞ்சள் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, கணினியில் செருகும் ஒரு கேப்சர் கருவியில் மாட்டி அந்தப் பகுதியைப் பதிந்துகொண்டேன். அம்மா சேலைக் கரையில் வானவில் நெளிகிறது. இருக்கட்டும்.

தீர்ப்பு

படம்: மோசம். ஒலி: செட்டப்பைத் தொடாமல் விட்டால் இன்னும் மோசம். கட்டுமானம்: தகரமும் காற்றும். சட்டத்துக்கு அடங்கும் குணம்: இல்லை. பொறுமை: நான் வாங்கின வேறு எந்தக் கருவியிலும் இவ்வளவு பார்த்ததில்லை.

அந்தப் பொறுமையை அருள் மாதிரி பேசுவது எனக்கு உடன்பாடில்லை. யாரும் நல்ல எண்ணத்தில் அதை உள்ளே வைக்கவில்லை. கெட்ட டிஸ்க் நிறைந்த சந்தையில் விற்க வேண்டும் என்பதால் வைத்தார்கள். காரணம் எதுவானாலும் அதன் பலன் எங்களுக்குக் கிடைத்தது. அம்மாவின் சமையல் நேரத்துக்கும், சிங்கப்பூர் டிஸ்குக்கும், ஜன்னல் வெயிலில் செத்துக்கொண்டிருந்த கல்யாணத்துக்கும் அது ஒரே மாதிரி இடம் கொடுத்தது. இன்று நான் படம் பார்க்கும் சேவைகளில் தரம் அபாரம். மாதக் காசு நின்றால் அடுத்த நிமிஷம் கதவு சாத்திவிடும். நேற்று இருந்த படம் இன்று இருக்காது. அதைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்க முடியாது.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பீரோவில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எழுதின டிஸ்க் இருந்தால் இந்த மாதமே எடுங்கள். ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், உரித்தால் தகவல் அடுக்கும் கூட வந்துவிடக்கூடும். கணினி படித்தால் உடனே பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பாதியில் நின்றால் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது; படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாததைப் பிறகு பொறுமையாக முயலும். அதுவும் முடியாவிட்டால் பழைய மலிவுப் பிளேயர் வைத்திருக்கும் சொந்தக்காரரைத் தேடுங்கள். பரணில் கிடக்கும்.

பதினோரு வினாடியை அக்காவுக்கு அனுப்பினேன். பாப்பா நாலு தடவை கேட்டாளாம். "ஆச்சி ஏன்மா சாப்பாட்டப் பத்தியே பேசுறாங்க?" என்று கேட்டாளாம். அதற்கு அக்கா பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடியவில்லை.